பன்னீர்ச் செம்பும் சொப்பன மேடமும்

தமிழ்நாட்டில் எத்தனையோ கொள்கைகள் எழுதப்பட்டிருக்கின்றன. கண்விழித்து எழுதியவை எல்லாம் அலமாரிகளில் குறட்டை விடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு எழுதப்பட்ட கொள்கை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது இன்றைக்கும் நடமாடிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் எங்கள் சொப்பன மேடம்.

மேடத்துக்குச் சபையில் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அது புழங்கியதில்லை. பாளையங்கோட்டைக்காரர். கணிதத்துறைப் பேராசிரியர். நெல்லைக்கு மேற்கே, மயில்களும் மாணவர்களும் சரிபாதியாக உலவும் ஒரு பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். பெயர் எதற்கு? அங்கே படித்தவர்கள் மயிலைச் சொன்னதுமே கண்டுபிடித்திருப்பார்கள்.

மேடம் முக்கால்வாசி நேரம் கண்ணை மூடியே இருப்பார். வகுப்பில் கரும்பலகையில் பாதித் தேற்றம் எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடுவார். மணி அடித்துவிடும். மறுநாள் உள்ளே வந்து, "ஆகையினால" என்று மீதிப் பாதியைத் தொடங்குவார். ஸ்கூட்டியிலும் அப்படித்தான் வருவார் என்று மாணவர்கள் சத்தியம் செய்வார்கள். முருகன்குறிச்சியிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் உள்ள ஆடுமாடுகள் அத்தனையும் அந்த ஸ்கூட்டிச் சத்தத்தைக் கேட்டதும் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும் என்பதை மட்டும் நானே பார்த்திருக்கிறேன். இன்னொரு விசேஷம், பன்னீர் வாசம் பட்டால் அவருக்குத் தும்மல் வரும். சாதாரணத் தும்மல் இல்லை. ஒரு தும்மலுக்கு ஒரு "ஸ்தோத்திரம்" வீதம், ஒரு சின்ன ஆராதனையே நடந்து முடியும். அதனால் கல்யாண வீடுகளில் பின்வாசல் வழியாகத்தான் நுழைவார்.

ஆனி மாதத்தில் ஒருநாள், தரமதிப்பீட்டுக் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. எங்கள் உலகத்தில் அது ஊருக்குள் யானை வருகிற மாதிரி. சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஓடாத மின்விசிறி ஓடும். வருகிறவர்கள் "பாலின சமத்துவக் கொள்கை எங்கே?" என்று கேட்பார்களாம். எங்களிடம் அது இல்லை. உடனே ஒரு குழு போட்டார்கள். பதிவாளர் தலைவர். சொப்பன மேடம் உறுப்பினர். எழுத்துப்பிழை இல்லாமல் கூட்டக் குறிப்பு எழுத ஆள் வேண்டும் என்று தமிழ்த்துறையிலிருந்து என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

இன்னும் இரண்டு உறுப்பினர்களைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் இயற்பியல், மற்றவர் வணிகவியல். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இயற்பியல் முற்பகலில் கையெழுத்துப் போட்டார். வணிகவியல் வந்த பேருந்து வழியில் டயர் வெடித்ததால் பிற்பகலில் போட்டார். அந்த ஒரு டயரால் பதவி மூப்புப் பட்டியலில் அவர் ஒருபடி கீழே போய்விட்டார். ஊரே அவர்களை முற்பகல், பிற்பகல் என்றுதான் சொல்லும். விழா மேடையில் யாருக்கு எந்த நாற்காலி, புகைப்படத்தில் யார் நடுவில், சாப்பாட்டில் யாருக்கு முதலில் இலை என்று அந்தச் சண்டை அவர்கள் தலை நரைத்த பிறகும் கறுப்பாகவே இருந்தது.

குழு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடும். மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று இறங்கி, ஜன்னல் திரைகளைத் தூக்கித் தூக்கிப் போடும். அகவிக்கொண்டே மயில்கள் மொட்டைமாடியில் நடக்கிற சத்தம் தலைக்கு மேலே கேட்கும். அந்தக் காற்றில் கொள்கை என்ன, கொலைவழக்கே பேசினாலும் கண் சொக்கும். எனக்கு இப்போது நினைத்தாலும் அந்த அறை தண்ணீருக்குள் இருப்பது போலவே ஞாபகம் வருகிறது.

முதல் கூட்டத்தில் பதிவாளர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்தார். "கொள்கைதானே வே? எவனாவது எழுதி வச்சிருப்பான். அத எறக்கி, பேர மட்டும் மாத்தியாச்சு. எல்லாரும் சரின்னு சொன்னா காப்பி சாப்பிட்டுட்டுப் போவலாம்."

எல்லோரும் சரி என்று தலையாட்டினோம். மேடம் மட்டும் கண்ணைத் திறக்காமல், "நேத்து ஒரு கனவு" என்றார்.

பெரியவர்கள் கனவு சொன்னால் இடைமறிக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கொக்கிரகுளத்து ஆத்துப்பாலத்துல ஒரே பனி. படித்துறையெல்லாம் வெள்ளவெளேர்னு கெடக்கு. நம்ம பதிவாளர் சார் கம்பளிக் கோட்டு போட்டுக்கிட்டு, மம்பட்டி வச்சு பனிய அள்ளி அள்ளி ஓரமாத் தள்ளுதாரு. 'என்ன சார் செய்யுதிய?'ன்னு கேட்டேன். 'பத்தொன்பதாம் பிரிவு மேடம். பொம்பளப் பிள்ளைய விடுதிக்குப் போற வழியில பனி உறைஞ்சா நாமதான் அகத்தணும்'னாரு. பாவம், ஒரே வேர்வை."

தாள்கள் சரசரவென்று திரும்பின. பத்தொன்பதாம் பிரிவில் பனி கொட்டிக் கிடந்தது. ஏதோ குளிர்தேசத்துப் பல்கலைக்கழகத்துக் கொள்கையை இறக்கி, பெயரை மட்டும் உண்மையாகவே மாற்றியிருந்தார்கள். நான் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'உறுப்பினர் ஒருவர் கண்ட கனவின் அடிப்படையில் பத்தொன்பதாம் பிரிவு நீக்கப்பட்டது. கொள்கையைப் புதிதாக எழுதத் தீர்மானிக்கப்பட்டது.' உலகத்திலேயே கனவைக் கூட்டக் குறிப்பில் ஏற்றிய முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் கழிப்பறை. நாங்கள் கூடுகிற மாடியில் ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது. பெண்கள் படியிறங்கி, முற்றம் தாண்டி, தேர்வுக் கட்டடத்துக்குப் போக வேண்டும். இதைப் பற்றிப் பல வருஷங்களாகப் பெண் ஆசிரியர்கள் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மேடம் மனு கொடுக்கவில்லை. கனவு கண்டார்.

"ஆடிக் காத்து ஆளத் தூக்குது. பதிவாளர் சார் வேட்டிய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு ஓடுதாரு. எந்தக் கதவத் தொட்டாலும் 'பெண்கள்'னு போட்டிருக்கு. தேர்வுக் கட்டடம் வரைக்கும் வந்துட்டாரு. அங்கனயும் 'பெண்கள்'. சார் முகத்தப் பாக்க முடியல. நான் முழிச்சுக்கிட்டேன்."

"பொறவு என்ன ஆச்சு மேடம்?" என்று பதிவாளர் உண்மையான கவலையோடு கேட்டார்.

"அதான் முழிச்சுட்டேனே சார். நீங்க இன்னும் அங்கனதான் ஓடிக்கிட்டிருப்பிய."

அந்த மாதமே பழைய வினாத்தாள் கட்டுகள் அடைத்து வைத்திருந்த அறையைக் காலி செய்து, மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டினார்கள். திறப்பு விழா வைக்கலாமா என்றுகூட ஒரு யோசனை இருந்தது. நல்லவேளை, யாரும் அதைக் கனவில் காணவில்லை.

இப்படியே ஆடி போய் ஆவணி வந்தது. கொள்கை வளர்ந்தது. மேடத்தின் கனவுகளில் பதிவாளர் பிரசவ விடுப்பு கேட்டு அலைந்தார், விடுதி வாசல் பூட்டியபின் வெளியே நின்று கூப்பிட்டார், புகார் கொடுக்கப் போன இடத்தில் "நீங்க ஏன் அந்த நேரத்துல அங்கன போனிய?" என்று கேட்கப்பட்டார். மனிதர் இளைத்தே போனார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஒவ்வொரு பிரிவும் நிறைவேறியது.

அப்போதுதான் இசக்கியம்மாள் வந்தாள்.

திசையன்விளைப் பக்கத்துப் பெண். முதுகலைக் கணிதம் கடைசி வருஷம். முடிச்சுகளைப் பற்றிய கணிதம் என்று ஒன்று இருக்கிறதாம். ஒரு முடிச்சை அறுக்காமல் அவிழ்க்க முடியுமா முடியாதா என்று அவிழ்த்துப் பார்க்காமலே சொல்கிற வித்தை. அதில் இவள் ஏதோ சொந்தமாகக் கண்டுபிடித்திருந்தாள். வரப்போகிற தரமதிப்பீட்டுக் குழுவின் தலைவர் அதே கணிதத்தில் பெரிய ஆள். குழு காலையில் துறைக்கு வரும்போது அவர் முன்னால் இவள் பேச வேண்டும், பிடித்துப்போனால் தன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கூப்பிடுவார், அங்கிருந்து மேற்கொண்டு ஆராய்ச்சிக்குப் போய்விடலாம். அவளுடைய அடுத்த வருஷம் முழுவதும் அந்த ஒரு காலை நேரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காலை நேரத்துக்குத்தான் வேறு வேலை வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த விழா என்றாலும் வாசலில் பட்டுச்சேலை கட்டிய பெண் பிள்ளைகள் வரிசையாக நிற்க வேண்டும். ஒருத்தி பன்னீர்ச் செம்பு, ஒருத்தி சந்தனக் கிண்ணம், ஒருத்தி கற்கண்டுத் தட்டு. விருந்தினர் வரும்வரை நிற்க வேண்டும், வந்தபின் சிரிக்க வேண்டும், உள்ளே போனபின் பொன்னாடைத் தட்டோடு மேடைக்குப் பின்னால் நிற்க வேண்டும். இசக்கியம்மாள் உயரமான பெண். வரவேற்புப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

அவள் மேடத்தின் அறைக்கு வந்தபோது நானும் இருந்தேன். அழவில்லை. கையில் இருந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"ஆபீஸ்ல கேட்டேன் மேடம். 'நீ வளத்தியா லெச்சணமா இருக்கே, செம்ப நீ பிடிச்சாத்தான் நல்லாருக்கும்'ங்காவ. என் பேச்ச வேற யாரையாவது வாசிக்கச் சொல்லலாமாம். நான் கண்டுபிடிச்சத நான் வெளிய நிக்கும்போது இன்னொருத்தர் வாசிப்பாரா மேடம்?"

மேடம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். எவ்வளவோ காலம் கூட வேலை செய்திருக்கிறேன், அவர் கண்கள் அத்தனை பெரியவை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். "நீ போய் பேச்சத் தயார் பண்ணு, பிள்ளே" என்றார்.

கடைசிக் கூட்டம். மேடம் வழக்கம்போல் கனவைத் தொடங்கினார். பதிவாளர் பட்டுவேட்டி கட்டி, கையில் பன்னீர்ச் செம்போடு வாசலில் நிற்கிறார். வெயில் ஏறுகிறது. கால் கடுக்கிறது. விருந்தினர் வரவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் வேட்டிக் கரை நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஒருவராவது நீங்கள் என்ன படித்தீர்கள் என்று கேட்கவில்லை.

பதிவாளர் முதல்முறையாகக் கனவை இடைமறித்தார். "மேடம், பனி அள்ளச் சொன்னிய, அள்ளினேன். கக்கூசுக்கு ஓட விட்டிய, ஓடினேன். இது மட்டும் ஆவாது. வாசல்ல பொம்பளப் பிள்ளைய நின்னாத்தான் லெட்சுமிகரமா இருக்கும். மீசை வச்சவன் பன்னீர் தெளிச்சா வந்தவன் திரும்பிப் போயிருவான்."

முற்பகல் சிரித்தார். அவர் சிரித்ததால் பிற்பகல் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். மேடத்தின் கனவு ஒன்று தோற்று நான் பார்த்ததே இல்லை. திரைச்சீலை மேலே போய் மெதுவாக இறங்கியது. மேடம் கண்ணை மூடியபடியே இருந்தார். உண்மையாகவே தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"கனவு இன்னும் முடியல சார்" என்றார் மேடம், வெகு தூரத்திலிருந்து பேசுகிறவர் போல. "விருந்தாளி கார விட்டு எறங்குதாரு. வாசல்ல நிக்கிறவர நேராப் பாத்து, 'முதல் செம்பு பிடிக்கிறவருதானே இந்த ஸ்தாபனத்துலயே மூத்தவரு?'ன்னு கும்பிடுதாரு. அவங்க பக்கத்துல அதான் மரியாதையாம். சீனியர்தான் செம்பத் தொடணுமாம்."

முற்பகலின் சிரிப்பு நின்றது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு மேடம் செம்பு பிடிச்சிருந்தது?"

"மொதல்ல பதிவாளர் சார்தான். பொறவு பாத்தா முகம் மாறிட்டு, சரியாத் தெரியல. ஒரு நேரம் இயற்பியல் சார் மாதிரி இருந்துச்சு. ஒரு நேரம் வணிகவியல் சார் மாதிரியும் இருந்துச்சு."

"அது எப்படி மேடம் அவரு மாதிரி இருக்கும்?" என்று முற்பகல் எழுந்துவிட்டார். "நான் சேந்தது முற்பகல். ரெக்கார்டு இருக்கு."

"ஓய், கனவுல எங்கன இருக்கு ரெக்கார்டு?" என்று பிற்பகலும் எழுந்தார். "அவங்க கண்ணுக்கு என் முகம் தெரிஞ்சிருக்கு. டயர் வெடிச்சதுக்கு நான் என்ன வே செய்வேன்? அந்தச் செம்ப நாந்தான் பிடிப்பேன்!"

"நீரு சந்தனக் கிண்ணத்தப் பிடியும் வே! செம்பு எனக்கு!"

பதிவாளர் மேசையைத் தட்டினார். யாரும் கேட்கவில்லை. எங்கள் உலகத்தில் ஆண் பெண் என்ற வேறுபாடுகூட ஒருநாள் ஒழியலாம், சீனியர் ஜூனியர் வேறுபாடு ஒழியாது. கடைசியில் சண்டையை நிறுத்துவதற்காகவே பதிவாளர் என்னைப் பார்த்துக் கத்தினார். "எழுதும்வே! விருந்தினரை வரவேற்கும் பணி, பால் வேறுபாடின்றி, பதவி மூப்பின் அடிப்படையில் மட்டுமே வழங்கப்படும். போதுமா?"

இருவரும் "போதும்" என்றார்கள். எழுதிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பதவி மூப்பில் அந்த இருவருக்கும் மேலே இருப்பது மேடம். முற்பகலுக்கும் அது உறைத்திருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது.

"எனக்குப் பன்னீர் ஒத்துக்காது சார்" என்றார் மேடம், முற்பகல் பக்கம் திரும்பி. "என் உரிமைய உங்களுக்கு விட்டுக்கொடுக்கேன்."

முற்பகல் இரண்டு கைகளையும் கூப்பினார். ராஜ்யத்தை வாங்கிக்கொண்டவர் போல் கண் கலங்கியிருந்தது.

புரட்டாசி வெயிலில் அந்த நாள் வந்தது. வாசலில் முற்பகல் புதுப் பட்டுவேட்டியோடு முதலில் நின்றார். அடுத்து சந்தனக் கிண்ணத்தோடு பிற்பகல். அவருக்கு அடுத்து கற்கண்டுத் தட்டோடு வேதியியல் பேராசிரியர். குழு வந்த விமானம் தாமதம். வெயில் தலைக்கு மேலே வந்தது. செம்பில் பன்னீர் சுட்டது. சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. பதிவாளர் குடை எடுத்துக்கொண்டு ஓடிவந்து முற்பகலுக்குப் பிடித்தார், உடனே பிற்பகல் எனக்கில்லையா என்று பார்த்தார். பட்டுச்சேலையில் நின்றிருக்க வேண்டிய பிள்ளைகள் சாதாரண உடையில் ஆய்வகங்களுக்குப் போகிற வழியில் நின்று, "சார், வேட்டிக் கரை நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கார் வந்ததும் முற்பகல் காத்திருந்த வெறியில் ஒரு செம்புப் பன்னீரையும் குழுத் தலைவர் மேலேயே தெளித்துத் தீர்த்தார். மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நெகிழ்ந்துபோனார். போன இடத்திலெல்லாம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துகிறார்களாம், இங்கேதான் பேராசிரியர்களே நிற்கிறார்களாம். அதைச் 'சிறந்த நடைமுறை' என்று அறிக்கையிலும் எழுதிவிட்டார்.

அங்கிருந்து நேராகக் கணிதத்துறை. இசக்கியம்மாள் ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு பேசினாள். முதலில் நின்றுகொண்டு கேட்ட தலைவர் உட்கார்ந்தார். பிறகு கயிற்றைத் தானே வாங்கி முடிச்சுப் போட்டுப் பார்த்தார். பிறகு இருவரும் கரும்பலகைக்குப் போய்விட்டார்கள். மற்ற துறைகள் காத்திருந்தன, சாப்பாடு ஆறியது, பதிவாளர் வாசலில் வந்து வந்து பார்த்தார். தை மாதம் என் நிறுவனத்துக்கு வந்துவிடு என்று தலைவர் அவளிடம் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் அறையில் வேறொரு சத்தம். பன்னீரில் நனைந்த தலைவருக்குப் பக்கத்தில் போனதால் மேடத்துக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மல், ஸ்தோத்திரம், தும்மல், ஸ்தோத்திரம். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட, அவர் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எப்படி மேடம் உங்களுக்கு மட்டும் இப்படிக் கனவு வருது?" என்று கேட்டேன்.

"கனவா? படுத்தா கட்ட மாதிரி தூங்குவேன் தம்பி. ஒரு நாளும் கனவு கண்டதில்ல."

நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"ஆரம்பத்துல நேராத்தான் சொல்லிப் பாத்தேன். சண்டைக்காரின்னாவ. கனவுன்னு சொன்னேன், உக்காந்து கேக்காவ." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நானும் இவ வயசுல வளத்திதான். நான் எழுதின பேப்பர உள்ள என் சார் வாசிச்சாரு. நான் வாசல்ல செம்போட நின்னேன். அன்னைக்கு உள்ள என்ன கேட்டாவ, என்ன பதில் சொன்னாவன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்னைக்குப் பிடிச்ச தும்மல் தம்பி இது."

உள்ளே இசக்கியம்மாளின் குரல் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மேடம் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். தூங்குகிறார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மேடம் ஓய்வுபெற்றுப் போனார். முற்பகலும் பிற்பகலும் ஒரே நாளில் ஓய்வுபெற்று, விடைபெறும் மாலையை யாருக்கு முதலில் போடுவது என்று கடைசிச் சண்டையையும் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பிரிவு மட்டும் போகவில்லை. இந்த வருஷம் கணிதத்துறைக் கருத்தரங்குக்குச் சிறப்புப் பேச்சாளராக முனைவர் இசக்கியம்மாளை அழைத்திருந்தார்கள். பதவி மூப்பின்படி இப்போது முதல் செம்பு என் கையில். பட்டுவேட்டியும் வெயிலும் மலைக்காற்றுமாக நின்றுகொண்டிருந்தேன். வேட்டிக் கரை நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மேடம் இறங்கினார். முடி முழுக்க வெளுத்திருந்தது. பின்வாசலுக்குப் போகத் திரும்பியவரை நான், "மேடம், முன்வாசல் வழியா வாங்க" என்று கூப்பிட்டேன்.

"என்ன தம்பி கையில?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்று செம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். பின்பக்கம் வேட்டியெல்லாம் நனைந்தது. மேடம் தும்மாமல் உள்ளே போகிறவரை அப்படியே நின்றேன்.